எலும்பு வார்டில் மஞ்சள் பட்டி மாணவர்கள்: டர்பன் மருத்துவமனை ஒன்றின் தொற்றுத் தடுப்புச் சேவை பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு மருத்துவமனையில் யாரையாவது சேர்த்துவிட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எலும்பு வார்டில் படுத்திருந்தார். அந்த வார்டில் மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவர்களும் சேர்ந்து தொற்றுத் தடுப்பு வேலை பார்க்கிறார்கள். அதற்கென்றே இருக்கும் ஒரு சிஸ்டரின் கீழ், மருத்துவமனையே ஏற்பாடு செய்து நடத்தும் வேலை. அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதுதான் இந்த மதிப்புரை. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். அதனால் அங்கே உழைக்கிற யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது.

நான் மதுரையில் நர்சிங் படித்தவள். ஆபரேஷன் தியேட்டரில் சில வருடங்கள் இருந்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தேன். இப்போது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. ஆனாலும் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கைகளுக்குத்தான் போகும். யார் யாரைத் தொட்டார், அதே கையோடு அடுத்து எதைத் தொட்டார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மாமியாருக்கு 74 வயது. பல வருடச் சர்க்கரை. ஓய்வூதிய மானியம் வாங்குபவர் என்பதால் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கையில் ட்ரிப், சிறுநீர் வெளியேறக் கதீட்டர் குழாய், அப்புறம் தொடையில் தையல். கிருமி உள்ளே போக மூன்று வழி. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கே இருக்கும்போதே ஏதாவது ஒரு தொற்று வருகிறது, பணக்கார நாடுகளில் 7 பேருக்கு வருகிறது, அப்படி வந்தவர்களில் 10 பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. எலும்பை டாக்டர்கள் சரி செய்துவிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அந்தப் பதினைந்து பேரில் மாமியாரும் ஒருவராகிவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு இந்தப் பயம் புதிதும் இல்லை. 2005-இல் டர்பன் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் க்ளெப்சியெல்லா கிருமியால் 20-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த வருடம் டுகேலா ஃபெரி என்ற சின்ன ஊரின் செய்தி உலகம் முழுக்கப் போனது: எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத காசநோய் 53 பேருக்கு, அவர்களில் 52 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய்க்கு மருந்தே எடுக்காதவர்கள். அதாவது மருந்தைப் பாதியில் விட்டதால் வந்த வினையல்ல. இன்னொருவரிடமிருந்து தொற்றியது, அதிலும் மருத்துவமனையில் படுத்திருந்தபோது தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 2020 மார்ச், ஏப்ரலில் இங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்குள் 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் கோவிட் பரவியது. "உள்ளே போனால் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வருவோம்" என்று சாட்ஸ்வர்த் பெரியவர்கள் சொன்னால், அதை அறியாமை என்று நான் தள்ள மாட்டேன்.

இனி மாணவர்களைப் பற்றி. காலை ரவுண்ட்ஸ் தொடங்கும் முன் இருவர் இருவராக வருவார்கள். ஒருவர் மருத்துவம், ஒருவர் நர்சிங்; வேண்டுமென்றே அப்படிச் சேர்த்துவிடுகிறார்களாம். தோளில் மஞ்சள் பட்டி, கையில் எழுதும் அட்டை, பையில் ஹேண்ட் ரப் பாட்டில், அதாவது கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்து. முதல் வேலை, ஒரு மூலையில் 20 நிமிடம் போல நின்று கவனிப்பது. நோயாளியைத் தொடும் முன், ஊசி டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேஜை, ட்ரிப் கம்பி இவற்றைத் தொட்ட பின் என்று கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தத் தருணங்களில் எத்தனை வந்தன, எத்தனையில் கை சுத்தமானது என்று கோடு போடுகிறார்கள். பெயர் எழுதுவதில்லை. டாக்டர், நர்ஸ், உதவியாளர், மாணவர் என்று வகை மட்டும். வாரக் கடைசியில் அதைச் சதவீதமாக்கி வார்டுப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள்.

கணக்கெடுப்பதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

மாமியாரின் கேனுலாவை, அதாவது ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகிய மெல்லிய குழாயை, எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் போட்டது. மேலே ஒட்டிய பிளாஸ்டரில் தேதி இல்லை. வார்டில் எல்லோருக்கும் அது கண்ணில் படுகிறது, யாருக்கும் மனதில் படவில்லை. ஒரு சுலு மாணவி வந்து, "சனிபோனானி, கோகோ" என்று கைகூப்பாத குறையாக வணங்கிவிட்டு, கையைச் சுத்தம் செய்து, நரம்பு போகும் வழியில் மெதுவாக அழுத்திப் பார்த்தாள். "இங்கே வலிக்கிறதா பாட்டி?" என்றாள். மாமியார், "ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும் கண்ணு, பரவாயில்லை" என்றார். ஆங்கிலத்துக்கு நடுவில் அந்தக் 'கண்ணு' மட்டும் தமிழ். அவளுக்குப் புரிந்த மாதிரிதான் சிரித்தாள். ஆனால் பரவாயில்லை என்று விடவில்லை. தோல் லேசாகச் சிவந்து சூடாக இருந்ததைப் பொறுப்பு சிஸ்டரிடம் காட்டினாள். பழையதை எடுத்து மறு கையில் புதிதாகப் போட்டார்கள், தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார்கள். அன்று அந்த வரிசையில் இருந்த எல்லாக் கேனுலாக்களையும் இருவரும் பார்த்து முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்கள்.

கதீட்டர் விஷயம் இன்னும் முக்கியம். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எடுத்துவிட்டால் பெட்பான் வைக்க வேண்டும், எலும்பு முறிந்தவரைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் அது ஏன் இருந்துகொண்டே இருக்கிறது என்பது நர்ஸாக இருந்த எனக்குத் தெரியும்; அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். மாணவர்கள் தினமும் ரவுண்ட்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இன்றைக்கும் இது தேவையா?" தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், எடுத்த பிறகு பெட்பான் வைக்க அவர்களும் கை கொடுக்கிறார்கள். இதைச் செய்யாமல் கேள்வி மட்டும் கேட்டிருந்தால் நர்ஸ்களுக்கு அவர்கள் மேல் வெறுப்புதான் வந்திருக்கும். மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளே கதீட்டர் போய்விட்டது. தொற்று எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அது மாணவர்களால்தான் என்று ஒரு நோயாளியை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பார்வையாளர் நேரத்தில் அவர்கள் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்துவிட்டு அத்தைமார்கள் விபூதியும் குங்குமமுமாக வந்துவிடுவார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி சொந்தக்காரரை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் ஆயா தனியாக இருந்தால் அவருக்கும் நெற்றியில் பூசி, கையைப் பிடித்து, கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் நகர்வார்கள். தேவாலயத்திலிருந்து வரும் பெண்களும் அப்படியே, கட்டில் கட்டிலாகக் கைபிடித்து ஜெபம். நல்ல மனசுதான். ஆனால் புண்ணில் சீழ் வைத்த ஒருவரின் கையைப் பிடித்த அதே கை, அடுத்த கட்டிலில் நேற்று ஆபரேஷன் ஆனவரைத் தொடுகிறது.

அதிகாரமாக "தொடாதீர்கள்" என்றால் அங்கே சண்டைதான் வரும். இந்த மாணவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நுழைவாயிலில் ஒரு மேஜை. அதன் மேல் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி, உள்ளே புற ஊதா விளக்கு. அந்த விளக்கில் ஒளிரும் ஜெல்லைக் கையில் தேய்க்கச் சொல்கிறார்கள்: "எப்போதும் ஹேண்ட் ரப் போடுவது போலவே தேயுங்கள் ஆன்ட்டி." பிறகு கையைப் பெட்டிக்குள் விடச் சொல்கிறார்கள். ஜெல் பட்ட இடம் நீலமாக ஒளிரும், படாத இடம் கறுப்பாகத் தெரியும். கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு. அநேகமாக எல்லோருக்கும் அங்கேதான் விட்டுப்போகிறது. விபூதி எடுப்பது எந்த விரல்களால்? எங்கள் பெரிய அத்தை தன் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இந்த விரலாலேயா எல்லோருக்கும் பூசினேன்!" என்றார். மாணவன் ஒருவன், சாட்ஸ்வர்த் பையன்தான், "பூசுங்கள் ஆயா, நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பூசுங்கள், அவ்வளவுதான்" என்றான். அதன் பிறகு அத்தை விபூதிப் பொட்டலத்தோடு ஒரு சின்ன ஹேண்ட் ரப் பாட்டிலையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஜெபக் குழுவில் இருந்தவர்களுக்கும் தானே சொல்லிக்கொடுத்தார். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி என்பது இன்று எங்கள் தெருவில் பலருக்கு மனப்பாடம்.

ஆல்கஹால் தொட விருப்பமில்லாதவர்களைச் சோப்பு வைத்த தொட்டிக்கு அழைத்துப் போனார்கள், ஏன் என்று கேட்கவில்லை. வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும் சோப்பும் தண்ணீரும்தான். சி டிஃபிசில் மாதிரிக் கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது, கழுவித்தான் போக்க வேண்டும் என்று விளக்கினார்கள். சரியான விளக்கம்.

அதே விளக்கை வைத்துத் துப்புரவு வேலையையும் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையைக் கட்டில் கம்பி, அழைப்பு மணி, மேஜை விளிம்பு, ட்ரிப் கம்பி இங்கெல்லாம் புள்ளி வைத்துவிட்டு, துடைத்து முடித்த பிறகு எந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது என்று பார்ப்பது. தப்புக் கண்டுபிடிக்கும் வேலையாக இது மாறிவிடுவது எளிது. அங்கே துடைக்கும் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய், விளக்கை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது முக்கியமான விஷயம்: அழைப்பு மணியின் வயர் கட்டில் கம்பியில் சுற்றிக் கட்டப்பட்டிருப்பதால் துடைக்க வரவில்லை. அடுத்த நாள் அந்த வயர்களை அவிழ்த்துவிட்டார்கள். இத்தனை வருடமாக அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

ஜன்னல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் டர்பனில் காற்று அதிகம், இரவில் குளிரும். வார்டில் எல்லோரும் ஜன்னலை மூடச் சொல்வார்கள், மாமியார்தான் முதல் ஆள். ஆனால் காசநோய் காற்றில் பரவுவது. எலும்பு முறிந்து வந்தவருக்கு இருமலும் இருக்கிறதா என்று முதல் நாளே யாரும் கேட்பதில்லை, சில சமயம் தெரியவே நாளாகும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதுதான் காசில்லாத மருந்து. மாணவி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, எங்கிருந்தோ இன்னொரு போர்வை கொண்டுவந்து மாமியாரின் கால்வரை போர்த்தினாள். இருமுபவர்களின் பட்டியலைத் தனியாக எழுதி சிஸ்டரிடம் கொடுத்தாள், சளிப் பரிசோதனைக்கு. ஜன்னலைத் திறந்தவள் போர்வையையும் கொண்டுவந்ததால் மாமியார் மறுபடி மூடச் சொல்லவில்லை.

இந்தச் சேவையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், மாணவர் சீனியரிடம் பேசலாம் என்ற அனுமதியில் இருக்கிறது. நான் படித்த காலத்தில் மாணவி என்றால் கை மட்டும்தான், வாய் கிடையாது. டிரே பிடிப்போம், கட்டில் துடைப்போம், பெரிய டாக்டர் கை கழுவாமல் காயத்தைத் திறந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அடுத்த வருடம் நமக்குக் கீழே வரும் மாணவிகள் நம்மைப் பார்த்து அதையே கற்றுக்கொள்வார்கள். வகுப்பில் ஐந்து தருணங்களுக்கு நூற்றுக்கு நூறு வாங்கினாலும், வார்டில் சீனியர் என்ன செய்கிறாரோ அதைத்தான் இளையவர்கள் செய்வார்கள்.

இங்கே தொற்றுத் தடுப்பு சிஸ்டர் அவர்களுக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நீளமாகப் பேச வேண்டாம். "டாக்டர்" என்று சொல்லி பாட்டிலை நீட்டினால் போதும். ரவுண்ட்ஸில் ஒரு டாக்டர் எதிர்க் கட்டிலில் புண்ணைப் பார்த்துவிட்டு, கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேராக மாமியாரின் கட்டிலுக்கு வந்தார். கிளவுஸ் போட்டிருந்தால் கை சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கழற்றும்போதே கையில் படும், கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கலாம். அந்தச் சாட்ஸ்வர்த் பையன் ஒரு அடி முன்னால் வந்து, "டாக்டர்" என்று பாட்டிலை நீட்டினான். கை லேசாக நடுங்கியது, நான் பார்த்தேன். டாக்டர் ஒரு நொடி நின்றார். பிறகு கையை நீட்டினார், தேய்த்தார், "நன்றி, இனி ஒவ்வொரு கட்டிலிலும் நீட்டு" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் நின்ற இளம் டாக்டர்கள் அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். அன்று அந்த ரவுண்ட்ஸ் முடியும்வரை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை.

1847-இல் வியன்னா பிரசவ மருத்துவமனையில் இது தலைகீழாக இருந்தது. பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவ மாணவர்களும் டாக்டர்களும்தான் தாய்மார்களைக் கொல்லும் பிரசவக் காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற வார்டில் சாவு மிகக் குறைவு. பிணப் பரிசோதனையில் ஒரு மாணவரின் கத்தி பட்டுத் தன் நண்பர் கொலெச்கா அதே மாதிரி நோயில் இறந்தபோதுதான், அங்கே டாக்டராக இருந்த செம்மல்வைஸுக்குக் காரணம் பிடிபட்டது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. அப்போது மாணவர்களுக்குக் கட்டளை போட்டு கழுவ வைக்க வேண்டியிருந்தது. டர்பனில் மாணவன் பாட்டிலை நீட்டுகிறான், பெரிய டாக்டர் வாங்கித் தேய்க்கிறார். இதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லா டாக்டர்களும் அப்படி இல்லை. இன்னொரு குழுவின் சீனியர், அதே சுலு மாணவி பாட்டிலை நீட்டியபோது, "நீ எந்த வருடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். வார்டு முழுக்க அமைதி. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் அவள் அந்தக் குழு வரும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். யாரும் அவளைக் கூப்பிட்டு "நீ செய்தது சரி" என்று சொன்னதாகத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன், அதற்கு என்ன எடை இருக்கிறது? மாணவருக்கு மதிப்பெண் போடுபவரே அவர் கேள்வி கேட்க வேண்டிய ஆளாகவும் இருக்கிறார். பேச அனுமதி கொடுத்தவர்கள், பேசிய பிறகு கூட நிற்கவும் வேண்டும். அந்தச் சீனியரிடம் மருத்துவமனைத் தலைமை அன்றே பேசியிருக்க வேண்டும். இந்தச் சேவையில் நான் பார்த்த பெரிய குறை இதுதான், இதைச் சரி செய்யாவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வெறும் கோடு போடும் வேலையாகிவிடும்.

அடுத்த குறை பொருட்கள். தொட்டி ஒன்றில் முழங்கையால் திறக்கும் குழாய் உடைந்திருந்தது. கை துடைக்கும் பேப்பர் பாதி நாள் இல்லை. கழுவிவிட்டுச் சேலையிலும் கவுனிலும் துடைத்தால் கழுவியதற்கு என்ன பயன்? பேப்பர் இல்லாத நாளில் நர்ஸ் கை கழுவவில்லை என்று கோடு போட்டு, அதைச் சதவீதமாகப் பலகையில் ஒட்டினால் அது நர்ஸின் தலையில் பழியைக் கட்டுவது. மாணவர்களே இதை உணர்ந்து, தாளின் கீழே "சோப்பு உண்டா, பேப்பர் உண்டா, பாட்டிலில் மருந்து உண்டா" என்று தனியாக எழுத ஆரம்பித்திருந்தார்கள். காலியான பாட்டில்கள் அன்றே மாறின. குழாய் நாங்கள் வீடு திரும்பும்வரை மாறவில்லை.

மூன்றாவது, மாலைக்கும் இரவுக்கும் சனி ஞாயிறுக்கும் மாணவர்கள் இல்லை. மஞ்சள் பட்டி கண்ணில் பட்டால் எல்லோரும் கை சுத்தம் செய்வார்கள் என்பது தெரிந்ததுதான். யாராவது பார்த்தால் மனிதர்கள் கூடுதல் கவனமாக இருப்பார்கள். ஆகவே பலகையில் இருக்கும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம், அது காலை நேரத்துச் சதவீதம். இரவு பத்து மணிக்கு வார்டு வேறு மாதிரி இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். மினிபஸ் டாக்ஸியில் போகும் பிள்ளைகளை இருட்டிய பிறகு எப்படி அனுப்புவது என்றார். நியாயமான கவலை. அப்படியானால் இரவு ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ்களில் ஒருவருக்கு அதே பட்டியைக் கொடுக்கலாமே என்றேன். குறித்துக்கொண்டார்.

இன்னொன்று, நாள்காட்டி. படிப்பு பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை. தேர்வு வந்தால் மாணவர்கள் மறைந்துவிடுவார்கள், டிசம்பரில் யாருமே இருக்க மாட்டார்கள். எலும்பு வார்டு நிரம்பி வழிவது அந்த டிசம்பரில்தான், விடுமுறைக்கால சாலை விபத்துகளால். மாணவர்களை நம்பி ஒரு வேலையைக் கட்டினால் இந்த இடைவெளிக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். விடுமுறையில் சின்ன உதவித்தொகை கொடுத்தால் சிலராவது நிற்பார்கள்; இங்கே பல மாணவர்களுக்கு அந்தப் பணம் பெரிய விஷயம்.

மாணவர்களின் சொந்தப் பாதுகாப்பையும் பார்த்தேன். இருமும் நோயாளியிடம் போகும்போது என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்தும் இருந்தார்கள். நல்லது. டுகேலா ஃபெரியில் இறந்தவர்களில் சுகாதார ஊழியர்களும் இருந்தார்கள். தடுப்பு வேலைக்கு வந்த பிள்ளை நோயோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

5-க்கு 4 கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் வார்டில் இருந்தால், மஞ்சள் பட்டி மாணவர் வரும்போது கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். கேனுலாவின் தேதியைக் காட்டச் சொல்லுங்கள், கதீட்டர் இன்னும் தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். காலையில் போக முடியாதவர்கள் மதியப் பார்வையாளர் நேரம் தொடங்கும்போதே போய்விடுங்கள். விளக்குப் பெட்டி மேஜை அரை மணி நேரம்தான் இருக்கும். பிரசாதம் கொண்டுபோகிறவர்கள் முதலில் அந்த மேஜைக்குப் போங்கள், அப்புறம் கட்டிலுக்கு. மாணவர் யாராவது டாக்டரிடம் பாட்டிலை நீட்டுவதைப் பார்த்தால், வார்டை விட்டுக் கிளம்பும் முன் தொற்றுத் தடுப்பு சிஸ்டரின் அறையில் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். புகார்களைப் போலவே பாராட்டுகளையும் அங்கே கோப்பில் வைக்கிறார்கள், மாணவரின் கல்லூரிக்கும் ஒரு நகல் போகிறது.